கதை நேரத்தில் யார் பேச வேண்டும்?

அமெரிக்காவின் லாங் ஐலண்டில் உள்ள ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளர் இருந்தார். 1988இல் அவரும் அவருடைய குழுவினரும் ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டார்கள். ஆய்வில் பங்கெடுத்தவர்கள் சுமார் 30 குழந்தைகள். எல்லாருக்கும் ஒன்றே முக்கால் வயதிலிருந்து மூன்று வயதுக்குள். எல்லாரும் நடுத்தர வர்க்கக் குடும்பத்துப் பிள்ளைகள். வீட்டில் படக்கதைப் புத்தகத்துக்கும் பஞ்சமில்லை, படித்துக் காட்டப் பெற்றோருக்கும் பஞ்சமில்லை. பாதிப் பெற்றோரிடம், 'வழக்கம்போலப் படியுங்கள்' என்று சொல்லிவிட்டார்கள். மீதிப் பாதிக்குச் சிறு பயிற்சி ஒன்று கொடுத்தார்கள். பக்கத்தில் இருப்பதை அப்படியே வாசித்துக்கொண்டு போவதைக் குறையுங்கள். விரலால் தொட்டுக் காட்டினாலே பதில் ஆகிவிடும் கேள்விகளையும் குறையுங்கள். குழந்தை வாய் திறந்து சொல்ல வேண்டிய கேள்விகளைக் கேளுங்கள். அது என்ன சொன்னாலும் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்லுங்கள். பயிற்சி இவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்துக் குழந்தைகளின் பேச்சுத் திறனை அளந்தார்கள். பயிற்சி பெற்ற பெற்றோரின் குழந்தைகள் ஒரு தேர்வில் 6 மாத வளர்ச்சிக்குச் சமமாகவும், இன்னொரு தேர்வில் எட்டரை மாத வளர்ச்சிக்குச் சமமாகவும் முன்னால் நின்றார்கள். வீட்டில் பதிவு செய்த ஒலிநாடாக்களைக் கேட்டபோது, அந்தக் குழந்தைகள் ஒற்றைச் சொல்லில் நிறுத்துவது குறைந்து, சொற்களைக் கோத்துப் பேசுவது கூடியிருந்தது. 9 மாதம் கழித்துப் பார்த்தபோது இடைவெளி சுருங்கியிருந்தது, ஆனால் மறைந்துவிடவில்லை.

இரண்டு பக்கமும் புத்தகம் இருந்தது, இரண்டு பக்கமும் வாசிப்பு நடந்தது. மாறியது, கதை நேரத்தில் யார் பேசினார்கள் என்பதுதான். இந்த முறைக்கு உரையாடல் வாசிப்பு என்று பெயர் வந்தது. அதன் பிறகு வந்த ஆண்டுகளில் மெக்சிகோவின் குழந்தைகள் காப்பகத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் குடிசைப் பகுதிவரை பல இடங்களில் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

காக்கா வடை தூக்கிய கதையை எடுத்துக்கொண்டால் முறை எளிதாக விளங்கும். படத்தில் மரக்கிளையில் காக்கா, அதன் வாயில் வடை, கீழே நரி. அம்மாவின் மடியில் இரண்டரை வயதுக் குழந்தை.

'மரத்துல யாரு உக்காந்திருக்கா?'

'காக்கா.'

'ஆமா, கறுப்புக் காக்கா. அது வாயில என்ன வெச்சிருக்கு?'

'வடை.'

'ஆமா, காக்கா வாயில வடை வெச்சிருக்கு. எங்க, நீ சொல்லு பாப்போம்?'

'காக்கா வாயில வடை.'

அரை நிமிடம்கூட ஆகாத இந்தப் பேச்சுக்குள் நான்கு வேலைகள் நடந்திருக்கின்றன. அம்மா கேட்டாள், வந்த பதிலை ஏற்றுக்கொண்டாள், அதை விரித்தாள், விரித்ததைக் குழந்தையின் வாயாலேயே சொல்ல வைத்தாள். வைட்ஹர்ஸ்ட் குழு வகுத்த வரிசையும் இதுதான். இந்த நான்கில் எல்லார் கண்ணிலும் படுவது கேள்வி. அதிக வேலை செய்வது மூன்றாவதாக வரும் விரித்தல்.

தமிழில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். குழந்தை முதலில் சொன்னது வெறும் 'வடை'. அம்மா திருப்பிக் கொடுத்ததில் 'வாயில' என்று ஒரு வேற்றுமை உருபு இருக்கிறது, 'வெச்சிருக்கு' என்று காலமும் திணையும் காட்டும் வினைமுற்று இருக்கிறது. நம் மொழியில் யார், எங்கே, எப்போது, யாருக்கு என்ற எல்லாமே சொல்லின் வாலில்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டு வயதுக் குழந்தை முதலில் விடுவதும் அந்த வாலைத்தான். 'தப்பு, இப்படிச் சொல்லு' என்று திருத்தினால் குழந்தை வாயை மூடிக்கொள்ளும். 'ஆமா' என்று ஏற்றுக்கொண்டு, வாலை ஒட்டித் திருப்பிக் கொடுத்தால், தான் சொன்னதே முழுசாக வந்ததுபோல் அதற்குக் கேட்கும். இரண்டாம் முறை 'வாயில' என்பது குழந்தையின் வாயிலேயே வந்துவிட்டது. 'வெச்சிருக்கு' இன்னும் வரவில்லை. வராவிட்டால் பரவாயில்லை, நாளைக்கும் அதே காக்கா அதே மரத்தில்தான் இருக்கப் போகிறது.

கேள்விகளை ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள். முதலாவது, வாக்கியத்தைப் பாதியில் விட்டு முடிக்க வைப்பது: 'பாட்டி எண்ணெயில போட்டுச் சுட்டது...' என்று இழுத்து நிறுத்துவது. இரண்டாவது, நடந்ததை நினைவுபடுத்திச் சொல்ல வைப்பது: 'காக்கா வடையை எங்கேர்ந்து தூக்கிச்சு?' மூன்றாவது, இதுதான் பதில் என்று ஒன்று இல்லாத திறந்த கேள்வி: 'இந்தப் படத்துல என்னென்ன நடக்குது, சொல்லேன்.' நான்காவது, யார், என்ன, எங்கே, ஏன் என்ற நேர்க்கேள்விகள். ஐந்தாவது, கதையிலிருந்து வாழ்க்கைக்கு இழுத்து வருவது: 'நம்ம தெருவுல வடை சுடுறது யாரு?' கடைசி வகைதான் குழந்தையை அதிகம் பேச வைக்கும். தெருமுனை டீக்கடை, அங்கே போனபோது மழை வந்தது, அப்பா வாங்கித் தராமல் வந்தது என்று கதையை விட்டு எங்கோ போய்விடும். போகட்டும். கண்ணெதிரே இல்லாத ஒன்றைப் பற்றிச் சொற்களால் மட்டுமே பேசுவது பெரிய திறமை. பின்னாளில் பாடப்புத்தகத்தைப் படித்துப் புரிந்துகொள்வது இந்தத் திறமையின் மேல்தான் நிற்கிறது.

இது ஏன் பலிக்கிறது? ஒரு சொல்லைக் கேட்டால் அடையாளம் தெரிவது ஒன்று, தேவைப்படும் நேரத்தில் அதை நினைவிலிருந்து எடுத்துப் பேசுவது வேறொன்று. 'நரி எங்கே?' என்று கேட்டால் குழந்தை விரலை நீட்டும். அடையாளம் தெரிந்தால் போதும். 'இது யாரு?' என்று கேட்டால் சொல்லைத் தேடி எடுத்து, ஒலிகளை அடுக்கி, வாயால் உருவாக்க வேண்டும். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் மோனிக் செனெஷால் 1997இல் இதைப் பிரித்துக் காட்டினார். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் படித்தபோது இரண்டு வகைச் சொல்லறிவும் வளர்ந்தது. படிக்கும்போது கேள்வி கேட்டுப் பதில் சொல்ல வைத்ததன் பலன், கேட்டுப் புரிந்துகொள்ளும் சொற்களைவிடத் தானே எடுத்துப் பேசும் சொற்களில்தான் கூடுதலாகத் தெரிந்தது. பயன்படுத்திப் பார்த்த சொல்தான் நாக்கில் தங்குகிறது.

இரண்டாவது காரணம் கண்ணில் இருக்கிறது. கதை கேட்கும் குழந்தை பக்கத்தில் எதைப் பார்க்கிறது என்பதைக் கண்ணசைவைப் பதிவு செய்யும் கருவி வைத்துக் கனடாவில் மேரி ஆன் எவன்ஸும் ஜான் செயின்ட்-ஆபினும் ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். குழந்தைகள் எழுத்தை ஏறக்குறையப் பார்ப்பதே இல்லை. கண் முழுவதும் படத்தில்தான். ஒரு படத்தில் ஐம்பது விஷயங்கள் இருக்கும். நாம் 'தந்திரக்கார நரி' என்று வாசிக்கும் நொடியில் குழந்தை பாட்டியின் மூக்குத்தியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். 'நரி காக்காயைப் பாத்து என்ன பண்ணுது?' என்ற கேள்வி, காதில் விழும் சொல்லையும் கண் நிற்கும் இடத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது.

மூன்றாவது காரணம் மூளையில். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ரேச்சல் ரோமியோவும் சக ஆய்வாளர்களும் 4 முதல் 6 வயதுவரையான 36 குழந்தைகளின் வீட்டுப் பேச்சை ஒலிப்பதிவு செய்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். பெரியவர் எத்தனை சொல் பேசினார் என்பதையும், பெரியவரும் குழந்தையும் எத்தனை முறை மாறி மாறிப் பேசினார்கள் என்பதையும் தனித்தனியாக எண்ணினார்கள். பிறகு ஸ்கேன் கருவிக்குள் குழந்தைகளுக்குக் கதை போட்டுக் காட்டினார்கள். மாறி மாறிப் பேசிய எண்ணிக்கை அதிகமான குழந்தைகளுக்கு, மொழியோடு தொடர்புடைய புரோக்கா பகுதி கதை கேட்கும்போது கூடுதலாக இயங்கியது. குடும்ப வருமானத்தையும் பெரியவர்கள் கொட்டிய சொற்களின் எண்ணிக்கையையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் இந்தத் தொடர்பு நின்றது. தொடர்பு இருப்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று ஆகிவிடாது. ஆனால் எதை எண்ண வேண்டும் என்பதை இந்த ஆய்வு காட்டிக்கொடுத்தது: குழந்தையின் மேல் எவ்வளவு சொற்கள் விழுந்தன என்பதைவிட, எத்தனை முறை அதற்குப் பேச முறை கிடைத்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

கேட்டால் மட்டும் போதாது, எந்த வரிசையில் கேட்கிறோம் என்பதும் முக்கியம். அமெரிக்காவின் வில்லனோவா பல்கலைக்கழகத்தில் பமீலா பிளெவிட் குழு 2009இல் மூன்று வயதுக் குழந்தைகளை வைத்து ஒன்றைக் கண்டது. புதுச் சொல் வரும்போது முதல் சில வாசிப்புகளில் எளிய கேள்விகளையும், கதை பழகிய பிறகு கடினமான கேள்விகளையும் கேட்டால், சொல்லின் பொருள் ஆழமாகப் பதிகிறது. முதல் நாளே 'நரி ஏன் பாடச் சொன்னது?' என்று கேட்டால் குழந்தை விழிக்கும். காக்காயும் வடையும் அத்துப்படியான பிறகு கேட்டுப் பாருங்கள்.

'நரி ஏன் காக்காயைப் பாடச் சொல்லுது?'

'பாட்டு கேக்க.'

இதைத் தப்பு என்று ஒதுக்க வேண்டியதில்லை. நரி வாயால் சொன்னதைக் குழந்தை நம்பியிருக்கிறது. காக்காயும் அதைத்தானே செய்தது?

'ஓ, பாட்டு கேக்கவா? சரி, காக்கா பாடுனா அது வாய் எப்படி ஆகும்? நீ பாடிக் காட்டு.'

குழந்தை 'ஆ' என்று வாயைத் திறக்கும்.

'அப்போ வடை?'

'கீழ விழுந்துடும்!'

'விழுந்தா?'

'நரி தின்னுடும்!' கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'நரி பொய் சொல்லிச்சு.'

பெரிய கேள்வி ஒன்றை மூன்று சிறிய கேள்விகளாக உடைத்ததும், பதிலுக்கான படிகளில் குழந்தை தானே ஏறிவிட்டது. ஒருவர் வெளியே சொல்வது ஒன்று, உள்ளே நினைப்பது வேறு என்பது மூன்று, நான்கு வயதில் மெல்லப் பிடிபடும் உண்மை. அதை யாரும் சொல்லித் தரவில்லை. குழந்தை ஒரு வடையை வைத்துக் கண்டுபிடித்தது.

இதனால்தான் ஒரே கதையை மறுபடி மறுபடி கேட்கும் குழந்தையின் அடம் நமக்குச் சாதகமானது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஹார்ஸ்ட் 2011இல் இதைச் சோதித்தார். ஒரே கதைகளைத் திரும்பக் கேட்ட மூன்று வயதுக் குழந்தைகளும் வெவ்வேறு கதைகளைக் கேட்ட குழந்தைகளும் புதுச் சொற்களைச் சம எண்ணிக்கையில்தான் கேட்டார்கள். ஆனால் சொற்களை நன்றாகக் கற்றவர்கள் முதல் கூட்டத்தினர்தான். முதல் வாசிப்பில் கதை என்ன என்று பார்க்கவே கவனம் சரியாகிவிடும். சொற்களைக் கவனிக்க அடுத்தடுத்த வாசிப்புகளில்தான் இடம் கிடைக்கிறது. ஆகவே முதல் தடவை கேள்வியே இல்லாமல் கதையை ஓடவிடலாம். ஐந்தாவது தடவை கதையைச் சொல்லும் வேலையைக் குழந்தையிடமே கொடுத்துவிடலாம்.

கேட்ட பிறகு காத்திருப்பது தனிக் கலை. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை அலசினார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். பதில் வராவிட்டால் கேள்வியைத் திருப்பிக் கேட்டார்கள், இல்லை வேறு மாணவரிடம் போனார்கள். காத்திருப்பதை 3 நொடிக்கு மேல் கொண்டுபோகப் பழக்கியதும் மாணவர்களின் பதில்கள் பல மடங்கு நீண்டன; வாய் திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். அது வகுப்பறை ஆய்வு. ஆனால் மடியில் இருக்கும் குழந்தைக்கு அவகாசம் இன்னும் அதிகம் தேவை. சொல்லைத் தேடி, வால் ஒட்டி, வாய்க்குக் கொண்டுவர அதற்கு நேரம் பிடிக்கும். நமக்கோ 3 நொடி மௌனம் என்பது பெரும்பாடு. 'என்ன, தெரியலையா? நரிடா!' என்று நாமே சொல்லி முடித்துவிடுகிறோம்.

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. நெதர்லாந்தின் சூசன் மோல் குழு 2008இல் 16 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. இரண்டு, மூன்று வயதில் பலன் நன்றாகத் தெரிந்தது. நான்கு, ஐந்து வயதில் வெகுவாகக் குறைந்தது. 2019இல் கிளேர் நோபிள் குழு இன்னும் பெரிய தொகுப்பாய்வு ஒன்றை வெளியிட்டது. அதில் பலன் சிறியதாகவே இருந்தது. வாசிப்பு இல்லாத குழந்தைகளுக்கும் வேறு ஏதாவது ஒரு செயல்பாட்டைக் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வுகளை மட்டும் எடுத்தால் அந்தப் பலனும் ஏறக்குறையக் கரைந்துவிட்டது. சில வாரப் பயிற்சியால் அதிசயம் நடக்கும் என்று விற்கப்படும் எதையும் நம்ப வேண்டாம் என்பதற்கு இது நல்ல மருந்து. குழந்தையோடு உட்கார்ந்து கவனம் கொடுத்துப் பேசும் நேரத்துக்கே ஒரு பலன் உண்டு, புத்தகம் அதற்கு ஒரு நல்ல சாக்கு என்றும் இதை எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாக் குழந்தைக்கும் ஒரே அளவு கேள்வி பொருந்தாது என்பதும் தெரிந்ததுதான். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் எலெய்ன் ரீஸும் அடெல் காக்ஸும் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு மூன்று பாணிகளில் படித்துக் காட்டி, 1999இல் முடிவை வெளியிட்டார்கள். படத்தை விவரித்துப் பேசும் பாணி பொதுவாக அதிகப் பலன் தந்தது. ஆனால் ஏற்கெனவே சொல்வளம் கூடிய குழந்தைகளுக்கு, நடுவில் நிறுத்தாமல் கதையைப் படித்துவிட்டு முன்னும் பின்னும் பேசும் பாணி நன்றாக உதவியது. கதை சூடுபிடிக்கும் இடத்தில் நிறுத்தி, 'இந்தப் பறவை என்ன நிறம்?' என்று கேட்டால் ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபத்தை மதிக்க வேண்டும்.

நம் வீடுகளில் இடறும் இடம் கேள்வி கேட்கும் தொனிதான். வேதாளம் கதை முடிவில் ஒரு கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் விக்கிரமாதித்தன் வாய் திறக்காவிட்டால் அவன் தலை சுக்குநூறாக வெடித்துவிடும். நாமும் கிட்டத்தட்ட அந்தத் தொனியில்தான் கேட்கிறோம். விருந்தாளி வந்தால் 'அங்கிளுக்குச் சொல்லு, இது என்ன கலர்?' என்பதும், கதை முடிந்ததும் 'இதிலேர்ந்து என்ன நீதி தெரிஞ்சுக்கிட்டே?' என்பதும் பரீட்சைதான். நீதிக் கேள்விக்கு ஒரே விடைதான் இருக்கும். அது கேட்பவருக்கு முன்பே தெரியும். பதில் வந்ததும் பேச்சு முடிந்துவிடும். குழந்தையைப் பேச வைக்கும் தகுதி ஒன்றும் அதற்கு இல்லை.

விடை தெரிந்தே கேட்பது எல்லாச் சமூகங்களிலும் வழக்கம் இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மானிடவியலாளர் ஷர்லி பிரைஸ் ஹீத், அமெரிக்காவின் கரோலினா பகுதியில் அடுத்தடுத்த சமூகங்களோடு பல ஆண்டுகள் பழகி 1980களின் தொடக்கத்தில் எழுதினார். டிராக்டன் என்று அவர் பெயரிட்ட கறுப்பினத் தொழிலாளர் குடியிருப்பில், பெரியவர்கள் குழந்தையிடம் 'இது என்ன?' என்று தங்களுக்குத் தெரிந்ததைக் கேட்பதில்லை. 'இது எது மாதிரி இருக்கு?' என்று கேட்டார்கள். அந்தப் பிள்ளைகள் ஒப்புமை சொல்வதில் கெட்டிக்காரர்கள். ஆனால் பள்ளியில் ஆசிரியை தனக்குத் தெரிந்ததையே கேட்டபோது, ஏன் கேட்கிறார் என்று புரியாமல் விழித்தார்கள். 'எது மாதிரி?' என்பது எந்த வீட்டிலும் கேட்கக்கூடிய அருமையான கேள்வி. அதற்குத் தவறான விடையே கிடையாது.

தமிழ்க் குழந்தைக்கு இந்த உரையாடல் கூடுதலாக ஒரு வேலை செய்கிறது. நம் கதைப் புத்தகங்கள் பெரும்பாலும் எழுத்துத் தமிழில் இருக்கின்றன. 'காகம் மரக்கிளையில் அமர்ந்திருந்தது' என்ற வரியில், காக்கா, மரம், உக்காந்துச்சு என்று வளர்ந்த இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பழக்கமான சொல் வடிவம் அநேகமாக ஒன்றும் இல்லை. வரியை அப்படியே வாசித்துவிட்டு, 'காக்கா எங்க உக்காந்திருக்கு?' என்று பேச்சில் கேட்டால், காகமும் காக்காயும் ஒன்றுதான், அமர்வதும் உட்கார்வதும் ஒன்றுதான் என்பது அகராதி இல்லாமலே விளங்கிவிடும். பேச்சுத் தமிழிலிருந்து எழுத்துத் தமிழுக்குப் போகும் பாலம் ஒன்றாம் வகுப்பில்தான் கட்டப்பட வேண்டும் என்றில்லை.

இதற்குப் பெரிய வசதி தேவையில்லை. வங்கதேசத்தின் கிராமப்புற முன்பள்ளிகளில் ஓபெல், அமீர், அபூட் ஆகியோர் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வார உரையாடல் வாசிப்புக்குப் பிறகு, கதையில் வந்த புதுச் சொற்களில் குழந்தைகள் எடுத்துச் சொன்ன அளவு 26 விழுக்காட்டிலிருந்து 54ஆக உயர்ந்தது. அதே புத்தகங்களை வழக்கமான முறையில் கேட்ட குழந்தைகள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். கேப் டவுனை ஒட்டிய காயலிட்ஷா என்ற ஏழ்மைப் பகுதியில் 91 குழந்தைகளை வைத்து நடத்தி 2015இல் வெளியான ஆய்வில், ஒன்றேகால் வயதை ஒட்டிய பிள்ளைகளின் மொழியோடு கவனக் குவிப்பும் வளர்ந்தது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2023இல் தமிழகப் பள்ளிக்கல்வித் துறை தொடங்கிய வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நிலைவாரியாகச் சிறு கதைப் புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூடப் படத்தை வைத்துக் கேள்வி கேட்கலாம். அவர் வரியை வாசிக்காததே ஒரு லாபம்தான். பேசியாக வேண்டிய கட்டாயம் வந்துவிடுகிறது.

பக்கத்துக்கு ஒரு கேள்வி போதும், சில பக்கங்களுக்கு அதுவும் வேண்டாம். குழந்தை தானாகக் கேட்கத் தொடங்கினால் நம் கேள்விகளை மூட்டை கட்டிவிட்டு அதற்குப் பதில் சொல்லலாம். புத்தகம் முடிந்ததா, எத்தனை பக்கம் ஆயிற்று, உச்சரிப்பு சரியாக வந்ததா என்ற கணக்கெல்லாம் தேவையில்லை. கதை நேரம் நன்றாகப் போனதா என்று தெரிந்துகொள்ள விரும்பினால், ஒரு நாள் கைபேசியில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். அதில் உங்கள் குரலே நிறைந்திருந்தால் மறுநாள் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.